பிரான்ஸ் முகாமில் கேம்பர் வேனுக்குக் கரண்ட்: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: லண்டனில் இருந்து எங்கள் பழைய கேம்பர் வேனில் பிரான்ஸ் போகிறோம். முகாம்களில் மின் இணைப்பு எடுக்க வோல்டேஜ் கன்வெர்ட்டர், அடாப்டர், டெஸ்டர் என்று கடைக்காரர் அடுக்குகிறார். எல்லாம் தேவையா?

பதில்: கன்வெர்ட்டரை முதலில் திருப்பிக் கொடுங்கள். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான். உங்களிடம் உள்ள நீல நிற மூன்று பின் கேபிளே பெரும்பாலான பிரெஞ்சு முகாம்களில் பொருந்தும். சில பழைய முகாம்களில் மட்டும் வீட்டில் இருப்பது போன்ற சாக்கெட் வைத்திருப்பார்கள். அதற்காக ஒரு அடாப்டர் வாங்குங்கள். பிரெஞ்சு சாக்கெட்டில் எர்த் பின் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது நுழைய அடாப்டரின் முகத்தில் துளை இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். எர்த் இல்லாத அடாப்டர் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அங்கே உண்மையான தலைவலி ஆம்பியர். பதிவு செய்யும்போதே 6 ஆம்பியரா, 10 ஆம்பியரா என்று கேளுங்கள். 6 என்றால் மொத்தமே 1,380 வாட். வீட்டு கெட்டில் 3,000 வாட் இழுக்கும். 10 ஆம்பியர் இணைப்பிலும் டிரிப் ஆகிவிடும், அதாவது கரண்ட் தானாகத் துண்டிக்கப்படும். ‘800 வாட்’ என்று எழுதிய மைக்ரோவேவை நம்பாதீர்கள். அது சமைக்கும் திறன்; இழுப்பது 1,200 வாட்டுக்கு மேலேயும் போகும். 750 வாட் பயணக் கெட்டில் ஒன்று வாங்குங்கள். டீ கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். பல இடங்களில் மின்பெட்டி பூட்டியிருக்கும். இரவில் டிரிப் ஆனால் வரவேற்பறையில் ஆள் வரும்வரை இருட்டுதான்.

டெஸ்டர் என்பது சாக்கெட்டில் செருகினால் கம்பிகள் சரியாக இணைந்திருக்கின்றனவா என்று காட்டும் கருவி. விலை குறைவு, அவசியம் வாங்குங்கள். பிரான்சில் லைவும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலும் (அது திரும்பும் கம்பி) இடம் மாறியிருப்பது சகஜம். அப்போதும் எல்லாம் வேலை செய்யும், அதுதான் ஆபத்து: சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே லைவ் இருக்கும். புதிய வேன்களில் பிரேக்கர் இரண்டு கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கும். உங்களுடையது பழையது என்பதால் கிளம்புமுன் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். கேபிளை முதலில் வேனில் செருகி, அப்புறம் முகாமின் மின் இணைப்புக் கம்பத்தில் செருகுங்கள்; உடனே வேனுக்குள் சாக்கெட்டில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். மாறியிருந்தால், கம்பிகளை மாற்றி இணைத்த சிறு கேபிள் ஒன்று கடையில் கிடைக்கும். அதில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். சரியான இணைப்பில் மறந்துபோய் அதைப் போட்டால், நீங்களே தலைகீழாக்கிவிடுவீர்கள்.