முதல் உலகப்போர்ல காலாட்படை சிப்பாய் எந்நேரமும் சண்டை போட்டுட்டே இருந்தாரா?

காலாட்படைன்னா தரையில நின்னு துப்பாக்கியோட சண்டை போடுற படை. பீரங்கி தூரத்துல இருந்தே ஒரு இடத்தை நாசம் பண்ணிடும், ஆனா அந்த இடத்தைப் பிடிச்சு வச்சுக்கணும்னா ஆளுங்க அங்கேயே நிக்கணும், அதனாலதான் 1914-18ல மேற்கு முனையில, அதாவது பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்து போர்க்களத்துல, லட்சக்கணக்கான பேர் மண்ணை வெட்டி பதுங்குகுழியில கிடந்தாங்க, 1914 அக்டோபர்லயே நம்ம இந்திய சிப்பாய்களும் அங்க போய்ட்டாங்க.

பிரிட்டிஷ் படையில ஆளை மாத்தி மாத்தி அனுப்புவாங்க, சில நாள் முன்வரிசை, அப்புறம் பின்வரிசை, அப்புறம் ரிசர்வ், அதாவது தேவைப்பட்டா கூப்பிட இன்னும் பின்னாடி வச்சிருக்கிறது. ஃபேக்டரி ஷிஃப்ட் மாதிரிதான், ஒரே ஆளை விடாம நிக்க வச்சா கவனம் போயிடும்ல.

விடியும்போதும் பொழுது சாயும்போதும் எல்லாரும் துப்பாக்கியோட தயாரா நிக்கணும். இருட்டினப்புறம்தான் செம உழைப்பு, முள்கம்பி சரிபண்றது, மண்மூட்டை அடுக்குறது, சாப்பாடு தண்ணி சுமந்துட்டு வர்றதுன்னு விடிய விடிய ஓடும். சேத்துத் தண்ணியில நின்னு நின்னே கால் அழுகிடும், அதுக்காக திமிங்கல எண்ணெய் தேய்ச்சு காஞ்ச சாக்ஸ் மாத்தணும்னு ஆர்டரே இருந்துச்சு. குண்டடியைப் பத்தி பேசுற அளவுக்கு இந்தக் கஷ்டத்தை யாரும் பேசுறதில்ல, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

வருஷக்கணக்கா முன்வரிசையிலயே கிடந்தாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, பாதிக்கு மேல நாள் பின்னாடிதான் இருந்தாங்க, ஆனா அங்கயும் பீரங்கி குண்டு விழும், குழி வெட்டுற வேலையும் விடாது.