சபைத் தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? யூட்டாவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, லீஹைக்கு வேலைக்கு வந்த சில வாரங்களிலேயே உங்களுக்கு இந்தக் குழப்பம் வந்ததில் வியப்பில்லை. உங்கள் மேலாளர் திடீரென்று பிஷப் ஆகியிருக்கிறார். அதற்குச் சற்று முன்பு 93 வயதுக்காரர் ஒருவர், இங்கே தலைமையகம் கொண்ட மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் தலைவராகியிருக்கிறார். போட்டியும் இல்லை, பிரச்சாரமும் இல்லை. இவர்களை யார்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், மேலாளருக்கு வாழ்த்துச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் அல்ல. சவுத் ஜோர்டன் கணேசர் கோயிலுக்குப் போகிறவள். ஆனால் என் பிள்ளைகள் வளர்ந்து ஆளானது இந்தப் பள்ளத்தாக்கில்தான். என் தெருவில் பெரும்பாலான வீடுகள் அந்தச் சபையாருடையவை. அவர்கள் சொல்லக் கேட்டதையும் நானே பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

உச்சியில் இருப்பவருக்குத் தேர்தல் கிடையாது. தேர்வு என்று சொல்லத்தக்கது பல பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். சபையில் பன்னிரு அப்போஸ்தலர் குழு ஒன்று உண்டு. அதற்கு மேலே தலைவரும் அவருடைய ஆலோசகர்களும். தலைவர் இறந்த அந்த நொடியே மேல்மட்டம் கலைந்துவிடும். ஆலோசகர்கள் குழுவில் தங்கள் பழைய இடத்துக்குத் திரும்புவார்கள். குழுவில் எல்லாருக்கும் முன்னதாகச் சேர்ந்தவர் எவரோ அவர்தான் அடுத்த தலைவர். நம் ஊர் அரசு அலுவலகங்களில் பணிமூப்பு என்பார்களே, அதேதான். ஓய்வு வயது மட்டும் கிடையாது.

இந்தக் கணக்கு எவ்வளவு கறாரானது என்பதற்கு ஒரு செய்தி சொல்கிறேன். இதற்கு முந்தைய தலைவர் ரசல் நெல்சன் பிறந்தது 1924 செப்டம்பர் 9. பாய்ட் பேக்கர் பிறந்தது அதற்கு மறுநாள். நெல்சன் இதய அறுவை மருத்துவராக இருந்த காலத்திலேயே, 1970இல், பேக்கர் அப்போஸ்தலராகிவிட்டார். நெல்சனுக்கு அந்த அழைப்பு வந்தது 1984இல். ஆகவே ஒரு நாள் மூத்தவர், வரிசையில் பதினான்கு ஆண்டு பின்னால் நின்றார். பேக்கர் 2015இல் இறந்தார். அப்போதைய தலைவர் தாமஸ் மான்சன் 2018 ஜனவரியில் இறந்தார். நெல்சன் 93 வயதில் தலைவரானார். அவர் 101 வயதில், 2025 செப்டம்பர் 27 அன்று மறைந்தபோது, வரிசையில் அடுத்து நின்றவர் டாலின் ஓக்ஸ், நீங்கள் சொன்ன 93 வயதுக்காரர். யூட்டா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். இருவருடைய பெயரும் 1984 ஏப்ரலில் ஒரே மாநாட்டில்தான் அறிவிக்கப்பட்டன. நெல்சனுக்கு ஏப்ரல் 12இலும், நீதிமன்றப் பணியை முடித்துக்கொண்டு வந்த ஓக்ஸுக்கு மே 3இலும் அபிஷேகம் நடந்தது. அந்த வரிசை நாற்பத்தோரு ஆண்டுகள் மாறாமல் நின்று, 2025 அக்டோபர் 14 அன்று ஓக்ஸைத் தலைவர் இருக்கையில் அமர்த்தியது. இடையில் அக்டோபர் பொது மாநாடு தலைவர் இல்லாமலே நடந்தது. ஒரு சலசலப்பும் இல்லை. அடுத்தவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இதை வெறும் மூப்புக் கணக்கு என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள், மனம் வருந்துவார்கள். யாருக்கு எவ்வளவு ஆயுள் என்பது கடவுள் கையில் இருப்பதால், தலைவரைத் தேர்வதும் கடவுளே என்பது அவர்கள் நம்பிக்கை.

இந்த ஒழுங்கு முதல் நாளே வந்துவிடவில்லை. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தை 1844 ஜூன் 27 அன்று இல்லினாய் மாநிலம் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அடுத்தவர் யார் என்று அவர் தெளிவாக வகுத்து வைத்திருக்கவில்லை. சபை சிதறியது. சிட்னி ரிக்டன் ஒருபுறம் உரிமை கோரினார், ஜேம்ஸ் ஸ்ட்ராங் சிலரைக் கூட்டிக்கொண்டு விஸ்கான்சினுக்குப் போனார், ஸ்மித்தின் மகன் 1860இல் வேறொரு சபைக்குத் தலைவரானார். அப்போஸ்தலர்களுக்குத் தலைமை வகித்த பிரிகாம் யங்கைப் பின்பற்றியவர்கள்தான் மேற்கே நடந்து இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவர்கள். அவரும் முறைப்படி தலைவராக 1847 டிசம்பர் வரை ஆயிற்று. அவருக்குப் பின்னும் மூன்று ஆண்டு, இரண்டு ஆண்டு என்று இடைவெளி விழுந்தது. 1898இல்தான் இடைவெளி பதினொரு நாளாகச் சுருங்கியது. அன்று முதல் இழுபறியே இல்லை.

அப்படியானால் உண்மையான தேர்வு எங்கே நடக்கிறது? பன்னிருவரில் ஓர் இடம் காலியாகும்போது. அந்த இடத்துக்கு உரியவரைத் தலைவர் தீர்மானிக்கிறார், மற்ற அப்போஸ்தலர்கள் ஒப்புகிறார்கள். பிறகு பொது மாநாட்டில் பெயர் வாசிக்கப்படும், உறுப்பினர்கள் வலது கையை உயர்த்துவார்கள். அது வாக்கெடுப்பு அல்ல. ‘உங்களுக்குத் துணை நிற்போம்’ என்ற வாக்குறுதி. 2018 மார்ச் இறுதியில் நெல்சனுக்காக இது நடந்தபோது நான் பக்கத்து வீட்டு வரவேற்பறையில் இருந்தேன். தொலைக்காட்சியில் ஆண்கள், பெண்கள், சிறுவர், சிறுமியர் எனப் பிரிவு பிரிவாக எழச் சொன்னார்கள். அந்த வீட்டுத் தாத்தா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். அவர் அமர்ந்த பிறகு மருமகள் எழுந்தார். காலுறையோடு தரையில் கிடந்த பையன் தன் முறைக்குத் துள்ளி எழுந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றான். வீட்டுக்குள் அவர்களை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் கை முழுதாக உயர்ந்தது.

உங்கள் மேலாளர் கதை வேறு. இங்கே ஒவ்வொரு வீடும் ஏதோ ஒரு வார்டு, அதாவது சபையின் உள்ளூர்ப் பிரிவு ஒன்றின், எல்லைக்குள் வரும், உங்கள் வீடும்தான். வார்டுக்கு ஒரு பிஷப், பல வார்டுகள் சேர்ந்தது ஸ்டேக். ஸ்டேக் தலைவர் ஒரு பெயரைச் சால்ட் லேக்கில் உள்ள தலைமையகத்துக்கு அனுப்புவார். ஒப்புதல் வந்ததும் கணவனையும் மனைவியையும் அழைத்து, ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்பார். மனுப் போட வழியில்லை, ஆசைப்படுவதே தவறாக எண்ணப்படும். சம்பளம் கிடையாது. ஏறத்தாழ ஐந்து ஆண்டு முடிந்ததும் விடுவித்துவிடுவார்கள். மறுவாரம் அவர் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பெரிய வீட்டு வழக்கறிஞருக்கு அவர் வீட்டுக் குழாயைப் பழுதுபார்ப்பவரே பிஷப்பாக இருந்து புத்தி சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஊரில் நான் மிகவும் மதிக்கும் வழக்கம் இதுதான்.

உச்சியில் நடப்பது பற்றி எனக்கு அவ்வளவு நிறைவில்லை. அடுத்த நிலைத் தலைவர்களான எழுபதின்மர் எழுபது வயதை ஒட்டி ஓய்வு பெறுகிறார்கள். அப்போஸ்தலருக்கு மட்டும் மரணம்தான் ஓய்வு. 1994இல் மறைந்த எஸ்ரா டாஃப்ட் பென்சன் கடைசி ஆண்டுகளில் பொது மேடையில் பேசவே இயலாத நிலையில் இருந்தும் தலைவராகவே நீடித்தார். அது அவருக்கும் சுமை, சபைக்கும் சுமை என்றே நினைக்கிறேன். இன்னொன்று, வார்டில் பாதி வேலையை இழுத்துப் போட்டுச் செய்யும் பெண்களில் ஒருவர்கூட பிஷப் ஆக முடியாது. பன்னிருவரிலும் பெண்ணுக்கு இடமில்லை. என் தோழிகளில் சிலருக்கு இது குறையாகவே தெரியவில்லை, சிலர் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். புதிதாக வந்த நீங்கள் அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டாம்.

மேலாளரிடம் தாராளமாகப் பேசுங்கள். பதவி உயர்வுக்குச் சொல்வது போல வாழ்த்தாமல், ‘பெரிய பொறுப்பு, குடும்பத்துக்கு ஏதும் உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்’ என்றால் போதும். ஞாயிறு முழுவதும், வார நாள்களில் ஓரிரு மாலையும் இனி அவருக்கு இல்லை. அந்த நேரத்தில் அலுவலக வேலையாக அழைக்காதீர்கள். நீங்கள் சபையில் இல்லாதது உங்கள் வேலையைப் பாதிக்குமோ என்ற பயம் வேண்டாம், பிஷப் பொறுப்பு அவருடைய வார்டோடு சரி. வீட்டுக்கு ஏதாவது செய்து கொடுக்க விரும்பினால் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொடுங்கள், காரம் குறைவாக. காபியும் தேநீரும் அவர்கள் குடிப்பதில்லை.