–9 பெரிதா, –4 பெரிதா?

கேள்வி: பள்ளிகொண்டாவில் இருக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் முழு எண்கள், முழுக்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறாள். –4-ஐ விட –9 பெரியது என்கிறாள். –5 – 3 கொடுத்தால் 8 என்று எழுதுகிறாள். வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: முதலில் பெயர்களைத் தீர்த்துவிடுங்கள். 1, 2, 3 என்று போகிறவை இயல் எண்கள். அவற்றோடு 0 சேர்ந்தால் முழு எண்கள். –1, –2, –3 என்ற குறை எண்களும் சேர்ந்தால் முழுக்கள். –4 முழுக்களில் உண்டு, முழு எண்களில் கிடையாது. 1/2 எதிலுமே வராது. 6/3 வந்தால் மட்டும் சுருக்கிப் பார்க்கட்டும், அது 2.

பெரிது சிறிதுக்குப் பாலாற்றங்கரைக் கிணறு ஒன்றே போதும். தரைமட்டம் 0. கோடையில் தண்ணீர் 9 மீட்டர் கீழே கிடந்தால் –9. மழைக்குப் பிறகு 4 மீட்டர் ஆழம் வரை ஏறினால் –4. எந்த மட்டம் உயரம் என்று கேளுங்கள், தானாகவே –4 என்பாள். எவ்வளவு ஏறியது? –4 – (–9) = –4 + 9 = 5 மீட்டர். ஓர் எண்ணைக் கழிப்பது அதன் எதிரெண்ணைக் கூட்டுவதுதான் என்பது இந்தக் கணக்கிலேயே பிடிபடும்.

8 வருவதற்குக் காரணம் ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்ற மனப்பாடம். அது பெருக்கல், வகுத்தலுக்கு மட்டுமான விதி. அதை வாய்ப்பாடாக ஒப்பிக்க வைக்கவே கூடாது என்பேன். 5 மீட்டர் கீழே இருக்கும் தண்ணீர் இன்னும் 3 மீட்டர் இறங்கினால் –8 தான். பெருக்கலில் அந்த விதி எங்கிருந்து வருகிறது என்பதை அவளே எழுதிப் பார்க்கட்டும்: (–3) × 2 = –6, (–3) × 1 = –3, (–3) × 0 = 0. ஒவ்வொரு வரியிலும் விடை 3 கூடுகிறது. அப்படியானால் அடுத்த வரி (–3) × (–1) = 3.

கட்டம் போட்ட நோட்டில் –10 முதல் 10 வரை எண்கோடு வரையச் சொல்லுங்கள். நடுவில் 0 போட்டுவிட்டு இரு பக்கமும் நகர வேண்டும். இடது ஓரத்தில் –1 என்று தொடங்கும் பிள்ளைகளுக்கு வரிசை தலைகீழாகிவிடும். –9 பெரிது என்ற தப்பு பெரும்பாலும் அங்கேயே ஆரம்பிக்கிறது.

–3-க்கும் 3-க்கும் இடையே எத்தனை முழுக்கள் என்று கேட்டுப் பாருங்கள். விடை 5: –2, –1, 0, 1, 2. அவள் 4 என்றால் 0-ஐ விட்டிருக்கிறாள். 7 என்றால் இரு ஓரங்களையும் சேர்த்திருக்கிறாள்.