குழல் ஏன் வெடிக்கிறது? பழைய துப்பாக்கி கைக்கு வந்த வாசகருக்கு

கேள்வி: பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் பக்கத்தில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டை விற்றுவிட்டுப் போகும்போது தன்னுடைய பழைய 50 காலிபர் துப்பாக்கியை எனக்குக் கொடுத்தார். குழல்வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற வகை. கேப்பு (அடித்தால் பொறி தருகிற சிறு மூடி) வைத்துச் சுடுவது. பத்து வருடமாகச் சுவரில் தொங்கியதாம். அக்டோபரில் மான் வேட்டைக்கு எடுத்துப் போக ஆசை. ஆனால் இப்படி ஒரு குழல் வெடித்துக் கிடந்த படத்தைப் பார்த்ததிலிருந்து தொடவே பயமாக இருக்கிறது. குழல் எதனால் வெடிக்கிறது? அலுவலக நண்பர் ஒருவர், 'புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகை கலந்தால் சுத்தமாக எரியும்' என்கிறார். செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். கூடாது. ஒரு சிட்டிகைகூடக் கூடாது. காரணத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் இன்றைக்கே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்தத் துப்பாக்கிக்குள் ஏற்கெனவே மருந்தும் குண்டும் இருக்கிறதா?

சுவரில் தொங்கிய துப்பாக்கி காலியாகத்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். 2013 ஜனவரியில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பழைய பீரங்கியின் துருவைச் சுத்தம் செய்தவர்கள் உள்ளே கருமருந்தும் (பழைய கால வெடிமருந்து) குண்டும் இருப்பதைக் கண்டார்கள். அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில், 1780-இல் மூழ்கிய ஒரு பிரிட்டிஷ் கப்பலின் பீரங்கி அது. கருமருந்து காய்ந்த இடத்தில் இருந்தால் வயதாகிச் சாவதில்லை. உங்கள் பெரியவர் கடைசி வேட்டையில் மான் கிடைக்காமல் அப்படியே கொண்டுவந்து மாட்டியிருக்கலாம்.

பார்ப்பது சுலபம். முதலில் கேப்பு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குழல்வாய்க்கு நேரே முகமோ உள்ளங்கையோ வராமல், திணிக்கும் கோலை மெதுவாக அடி வரை விட்டு, வாய் விளிம்பில் கோலின் மேல் ஒரு கோடு போடுங்கள். கோலை வெளியே எடுத்து, அந்தக் கோடு குழல்வாய்க்கு நேராக வருமாறு குழலின் வெளிப்பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கோலின் நுனி, கேப்பு உட்காரும் குமிழ் வரை போனால் காலி. இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது மருந்தும் குண்டுமாக இருக்கலாம், வெறும் குளவிக் கூடாகவும் இருக்கலாம். எதுவானாலும் சுட்டுத் தீர்க்க வேண்டாம், துளை போட வேண்டாம், சூடு காட்டவே வேண்டாம். துப்பாக்கி பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, அவர் சொல்கிற மாதிரி கொண்டு போங்கள்.

சரி, குழல் ஏன் வெடிக்கிறது? நான் உலோகவியல் படித்தவன். உடைந்த எஃகைப் பார்த்து ஏன் உடைந்தது என்று சொல்வதுதான் பிழைப்பு. இந்த வகைத் துப்பாக்கியை இருபது வருடத்துக்கு மேலாகச் சுடுகிறேன். ஆரோக்கியமான குழல் சரியாகக் கெட்டித்த கருமருந்துக்கு வெடிப்பது மிக அரிது. வெடித்த குழல்களில் பெரும்பாலானவற்றின் கதை, மருந்தும் குண்டும் போடுகிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது.

முதல் காரணம், குண்டு மருந்தின் மேல் போய் உட்காராமல் நடுவழியில் நிற்பது. இரண்டு மூன்று முறை சுட்டதும் உள்ளே கரி படிந்து இறுகும். துணித்துண்டில் வைத்த ஈயக்குண்டு பாதியில் சிக்கும். அவசரத்தில் 'போதும், போய்விட்டது' என்று தோன்றும். ஆனால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் காற்றிடம் இருக்கிறது. எரிவாயு அந்த இடைவெளியில் வேகமெடுத்து வந்து, இன்னும் அசையாத குண்டின் முதுகில் மோதுகிறது. ஓடுகிற தண்ணீர்க் குழாயைத் திடீரென்று மூடினால் குழாயே அதிர்கிறதே, அது போல. அந்த ஓர் இடத்தில், நொடியில் ஒரு துளி நேரம், அழுத்தம் எகிறுகிறது. தப்பினால் குழல் மோதிரம் போட்டது போல வீங்கும். தப்பாவிட்டால் பிளக்கும்.

வீங்கிய குழல் ஒன்று என்னிடமே இருக்கிறது. சுடுகளத்தில் பக்கத்து மேசைக்காரரோடு பேசிக்கொண்டே கெட்டித்தேன். கோல் முழுதாக இறங்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. சத்தம் வேறு மாதிரி கேட்டது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து துடைக்கும்போது துணி ஓரிடத்தில் தளர்ந்து போனது. அந்தக் குழலை அதன் பிறகு நான் சுடவில்லை, யாருக்கும் விற்கவும் இல்லை.

இரண்டாவது காரணம் இரட்டைக் கெட்டிப்பு. உங்கள் ஊரிலிருந்து கார் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கெட்டிஸ்பர்க், அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை நடந்த ஊர். 1863 ஜூலையில் அங்கே மூன்று நாள் சண்டை முடிந்த பிறகு களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகள் சுமார் 27,000. அவற்றில் ஏறக்குறைய 24,000 சுடாமல் கெட்டித்தபடியே கிடந்தன. அதிலும் பாதியில் இரண்டு குண்டு. ஆயிரக்கணக்கானவற்றில் மூன்று முதல் பத்து வரை. ஒன்றில் 23 என்று அன்றைய கணக்கு சொல்கிறது. பீரங்கிச் சத்தத்தில் தன் துப்பாக்கி சுட்டதா, வெறும் கேப்பு மட்டும் வெடித்ததா என்று சிப்பாய்க்குத் தெரியவில்லை. மறுபடி கெட்டித்தான், மறுபடியும் கெட்டித்தான். நாள் முழுக்கப் பயிற்சி எடுத்தவனுக்கே இந்தக் கதி. சுடுகளத்தில் கைபேசி அடித்தாலே நமக்கு எண்ணிக்கை மறந்துவிடும்.

இந்த இரண்டையும் தவிர்க்க வழி ஒன்றுதான்: கோலில் போடுகிற கோடு. காலிக் குழலுக்கு ஒரு கோடு, நீங்கள் வழக்கமாகப் போடுகிற மருந்தும் குண்டும் சரியாக உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு கோடு. ஒவ்வொரு முறையும் கேப்பு வைப்பதற்கு முன் பாருங்கள். கோடு வாய்க்கு மேலே நின்றால் குண்டு இறங்கவில்லை, அல்லது இரண்டு முறை கெட்டித்திருக்கிறீர்கள். பார்த்ததும் கோலை வெளியே எடுத்துக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். உள்ளேயே மறந்து சுட்டவர்கள் உண்டு.

இப்போது நண்பரின் சிட்டிகைக்கு வருகிறேன். கருமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற பழைய கலவை. அழுத்தம் ஏறினாலும் அது எரியும் வேகம் பெரிதாக மாறாது. இன்றைய தோட்டாக்களில் இருக்கிற புகையில்லா மருந்து நைட்ரோசெல்லுலோஸ். அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும், அது அழுத்தத்தை இன்னும் ஏற்றும். உங்கள் துப்பாக்கியில் கருமருந்து தருகிற அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பத்தாயிரம் பவுண்டை ஒட்டி, கொஞ்சம் முன்பின் இருக்கும். நவீன வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவான 30-06-க்கு அனுமதித்த உச்சம் 60,000. அந்த மருந்துக்காகக் கட்டிய குழல் வேறு, உங்களுடையது வேறு. இன்னொன்று: புகையில்லா மருந்தும் பார்க்கக் கறுப்பாகவே இருக்கும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெரியவர் பாதி டப்பா மருந்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். டப்பா மேல் கருமருந்து என்று இருந்தாலும் உள்ளே இருப்பது அதுதான் என்று யார் சாட்சி?

கருமருந்துக்குப் பதிலாக விற்கிற பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்து வாங்கினால், கருமருந்து அளக்கும் அளவுக் குப்பியால் கொள்ளளவாகவே அளக்க வேண்டும். அது எடை குறைவானது. தராசில் நிறுத்து 'நூறு கிரெயின்' (மருந்தை அளக்கிற சிறிய எடை அலகு) போட்டால் நூற்றுக்கு மேல் நிறையப் போட்டதாகிவிடும். டப்பாவிலிருந்து நேராகக் குழலுக்குள் ஒருபோதும் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் டப்பாவே கையில் வெடிகுண்டு.

அப்புறம் எஃகு. குழலுக்குள் அழுத்தம் வரும்போது அதைச் சுற்றுவாக்கில் விரிக்கிற இழுப்பு, நீளவாக்கில் வருவதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் வெடித்த குழல் மூங்கில் பிளந்தது போல நீளவாக்கில் கிழிகிறது. சில தயாரிப்பாளர்கள் சுலபமாகக் கடைய வேண்டும் என்பதற்காக ஈயமும் கந்தகமும் கலந்த எஃகைக் குழலுக்குப் பயன்படுத்தினார்கள். அந்தக் கந்தக இழைகள், குழலைக் கடைகிற எஃகுத் தண்டின் நீளவாக்கில்தான் ஓடும், அதாவது பிளவு போக ஆசைப்படுகிற அதே திசையில். இது சரியா என்று பல வருடமாகச் சண்டை நடக்கிறது. அப்படிப்பட்ட குழல்கள் எண்ணற்ற முறை பத்திரமாகச் சுட்டிருப்பது உண்மை. ஆனாலும் குழலுக்கு அந்த எஃகை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். தவறு நடக்கும் அன்று, வீங்கி எச்சரிக்கிற எஃகுதான் கையைக் காப்பாற்றும். திடீரென்று பிளக்கிற எஃகு அல்ல.

துரு பற்றிச் சுருக்கமாக: கருமருந்தின் கழிவு ஈரத்தை இழுக்கும் உப்பு. சுட்ட அன்றே சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவாத துப்பாக்கி அடிப்பக்கத்தில் குழிவிழுந்திருக்கும். உங்களுடையதில் பழுது பார்ப்பவர் உள்ளே கேமரா விட்டுப் பார்க்கட்டும், குமிழின் மரை தேய்ந்திருந்தால் மாற்றட்டும். டயரில் கட்டி, இரட்டை மருந்து போட்டு, கயிறு இழுத்துச் சோதிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நான் செய்ய மாட்டேன். அன்று தாங்கிய குழலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று பிறந்திருந்தால், அடுத்த முறை சுடும்போது குழல் உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில்தான் வெடிக்கும்.

கேப்பு வெடித்தும் துப்பாக்கி சுடாவிட்டால், குறி வைத்த பக்கமே பிடித்துக்கொண்டு குறைந்தது ஒரு முழு நிமிடம் காத்திருங்கள்.

வேட்டை விஷயம்: பென்சில்வேனியாவில் முதல் முறை உரிமம் எடுப்பவர் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். அக்டோபர் சீசனுக்கு உங்கள் கேப்புத் துப்பாக்கி சரி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்குகிற சீசனுக்கு அதை எடுத்துப் போகாதீர்கள்; அது சக்கிமுக்கிக் கல் வகைக்கு மட்டும்.