கடல் ஏறும் நேரம்: திகில் எழுதுவோர் கேள்வி-பதில்

கேள்வி: பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறையை விடாத சாபம் பற்றிக் குறுநாவல் எழுதுகிறேன். செங்குத்துப் பாறைமேல் பழைய பங்களா, கீழே மோதும் அலை, மூடுபனி. சிங்கப்பூரில் நடப்பதாகச் சொன்னால் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். (வாசகி, பிடோக்)

பதில்: சிரித்தவர்கள் பக்கம்தான் நாங்களும். சிங்கப்பூர் நீரிணை ஒடுங்கிய கடல். பாறையில் ஆளுயர அலை வந்து மோதாது. மூடுபனிக்குப் பதில் நமக்கு வாய்த்தது புகைமூட்டம். இரவுக் கடலும் கும்மிருட்டு இல்லை, நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் விடியவிடிய எரியும்.

இந்தக் கடல் பயமுறுத்துவது வற்றும்போதுதான். நாளுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் 3 மீட்டரை நெருங்கும். உபின் தீவின் செக் ஜாவாவில் நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே போனால், அதுவரை மூடிக்கிடந்த மணல்திட்டும் கடற்புல்லும் வெளியே வரும். அப்படி வெளியே வரும் இடத்தில் எதை வைப்பது என்பது உங்கள் கையில். ஒன்று மட்டும் கவனம்: ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். இன்று இரவு 9 மணிக்கு ஏறினால் நாளை 9.50 வாக்கில்தான். கதை முழுக்க 9 மணிக்கே ஏறவிட்டால் கடல் தெரிந்தவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

பங்களாவை கத்தோங்கில் வையுங்கள். அந்தக் காலத்தில் அங்கே கடலோர வீடுகளின் படிக்கட்டு நேராகத் தண்ணீரில் இறங்கும். 1966இல் கிழக்குக் கரையில் நில மீட்புப் பணி தொடங்கிய பிறகு கடல் தள்ளிப்போய்விட்டது. நடுவே இப்போது அடுக்குமாடிகள், விரைவுச்சாலை, பூங்கா. கடலுக்குக் கடன்பட்ட குடும்பம் கடல் போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கட்டும். பின்கட்டுக் குளியலறைத் தரை மட்டும் கடல் ஏறும் நேரம் பார்த்து ஈரமாகட்டும்.

கேள்வி: சாபத்தை எப்படி நம்பவைப்பது? (வாசகர், ஈசூன்)

பதில்: சாமியாரைக் கூப்பிட்டு விளக்கம் சொல்லவைக்காதீர்கள். பாதிக் கதைகள் அங்கேதான் படுத்துவிடுகின்றன. யாருக்கு என்ன கடன், அது எந்த விதிப்படி அடுத்தவள்மேல் இறங்குகிறது, இரண்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். அந்த விதி ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும். எதை வேண்டுமானாலும் செய்யக்கூடிய சாபத்துக்கு யாரும் பயப்பட மாட்டார்கள்.

ஒரு மாதிரி பார்ப்போம். செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874 முதல் நோய்த் தடுப்பு முகாம் இருந்தது; காலரா, பெரியம்மைக்குப் பயந்து கப்பலில் வந்தவர்களை அங்கே தடுத்து வைப்பார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த பாட்டி, அங்கே சாகக்கிடந்தவளிடம் 'உன் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடுகிறேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு, தன் மகள் என்று பதிந்துகொண்டாள். செத்தவள் கடல் ஏறும்போதெல்லாம் பிள்ளையைப் பெயர் சொல்லித் தேடுகிறாள். மூத்த மகளுக்கு அதே பெயரை வைப்பது அந்த வீட்டு வழக்கம். எனவே விதி: கடல் ஏறும் நேரத்தில் மூத்த மகளின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

இனி அம்மாவைப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்க்கிறாள், கடிகாரத்தைப் பார்க்கிறாள். அதுவரை 'கண்ணு, தங்கம்' என்றவள் திடீரென்று 'ஏய், இவளே' என்கிறாள். அந்த நேரம் தினம் ஐம்பது நிமிடம் நகர்வதால் மகளுக்குக் காரணம் பிடிபடாது. அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே வளர்வாள். தாய்-மகள் திகிலுக்குப் பேயைவிட இதுதான் முதலீடு. விதி முதலில் வெறும் பழக்கமாக வரட்டும், அடுத்து மீறப்பட்டுச் சின்னதாக ஏதாவது கெடட்டும், மூன்றாம் முறை விலை கேட்கட்டும். அம்மாவை முழுக் கொடுமைக்காரியாக்கினால் இத்தனையும் வீண்.

கேள்வி: இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்குதானே? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: பழைய மாளிகை, சாபம், பேய் என்று போகும் கோதிக் நாவல் 1764இல் இங்கிலாந்தில் தொடங்கியது, சரி. ஆனால் மாதவி, அவள் மகள், ஒரு கடல் தெய்வம், இந்திர விழா நின்றுபோனதால் கடல் கொண்ட புகார் நகரம், எல்லாம் மணிமேகலையில் இருக்கிறதே!

கேள்வி: கடைசிக் காட்சியில் மகள் நள்ளிரவில் ஈஸ்ட் கோஸ்ட் கரையில் அம்மாவின் அஸ்தியைக் கரைக்கிறாள். சரியா? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: அங்கே கரைக்க அனுமதி இல்லை. அதற்கென ஒதுக்கிய இடம் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டரில் இருக்கிறது, படகில்தான் போக வேண்டும். நேரம் காலை 7 முதல் இரவு 7 வரை. சட்டம் கதைக்கு உதவியே செய்கிறது. வெயில் இறங்கும் நேரம், 7 மணிக்குள் முடிக்க வேண்டிய அவசரம், இறங்க முடியாத படகு. மேலே சொன்ன விதியை எடுத்துக்கொண்டால், ஒன்றும் அறியாத படகுக்காரர் 'நேரமாச்சும்மா' என்று மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். மறுநாள் காலை என்று இன்னோர் அத்தியாயம் வேண்டாம்.