விளையாட்டு கம்ப்ரெஷன் சாக்ஸை மருத்துவத்துக்கும் கொடுக்கலாமா?

கேள்வி: சிறிய நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். ஓட்டக்காரர்களுக்கு கம்ப்ரெஷன் சாக்ஸ் செய்து விற்கிறோம். இப்போது பிசியோதெரபி கிளினிக்குகளும் கேட்கின்றன. அதே சாக்ஸை வேறு பெட்டியில் போட்டுக் கொடுக்கலாமா?

பதில்: பெட்டியை மட்டும் மாற்றிக் கொடுக்காதீர்கள். 'ஓடும்போது காலுக்கு இதம்' என்று எழுதினால் அது விளையாட்டுப் பொருள். 'வெரிகோஸ் வெயின் வீக்கத்தைக் குறைக்கும்' என்று எழுதினால், பெரும்பாலான நாடுகளில் மருத்துவ சாதனச் சட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள். பதிவு, தொகுதி எண், புகார்ப் பதிவேடு எல்லாம் கூடவே வரும். மருத்துவ சாதனத் தயாரிப்பின் தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 13485 சான்று இருக்கிறதா என்று வாங்குபவர்களும் கேட்பார்கள்.

காகித வேலையைவிடப் பெரிய சிக்கல் அழுத்தம். நீங்கள் ஷூ சைஸ் பார்த்து விற்கிறீர்கள். மருத்துவ சாக்ஸுக்குக் கணுக்கால் சுற்றளவும் கெண்டைக்கால் சுற்றளவும்தான் கணக்கு. துணியின் இழுவிசை ஒரே அளவாக இருந்தால், மெலிந்த காலில் அழுத்தம் கூடும், பருத்த காலில் குறையும். இது லாப்லாஸ் விதி. ஆனால் அதே சாக்ஸ் பருத்த காலில் அதிகம் விரியும், இழுவிசையும் ஏறும். கடைசியில் எவ்வளவு வரும் என்பதைக் கையால் இழுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது, கருவியில் அளக்கத்தான் வேண்டும். அழுத்தம் கணுக்காலில் அதிகமாக இருந்து மேலே போகப் போகக் குறைய வேண்டும். மேல் விளிம்பு இறுகினால் பயன் தலைகீழாகிவிடும்.

அந்த அழுத்தத்தைத் தருவது முக்கியமாக இன்லே நூல், அதாவது பின்னல் வரிசைகளுக்குள் செருகப்படும் எலாஸ்டிக் நூல். மெஷினில் அதை ஊட்டும் டென்ஷன் கொஞ்சம் நகர்ந்தாலும் அழுத்த எண் மாறும். எனவே ஒவ்வொரு தொகுதியிலும் சில ஜோடிகளை எடுத்து அளந்து, எண்ணை எழுதி வையுங்கள். பலமுறை துவைத்த பிறகும் அளந்து பாருங்கள். நூலில் உள்ள எலாஸ்டேன் என்ற நீளும் இழை தளர்வது அப்போதுதான் தெரியும்.

பெட்டியில் 'கிளாஸ் 2' என்று அழுத்த வகுப்பை மட்டும் போட்டால் போதாது. ஜெர்மன் தரத்தில் அது 23–32 மி.மீ. பாதரசம், பிரிட்டிஷ் தரத்தில் 18–24. எண்ணையே அச்சிடுங்கள். 'மெடிக்கல் கிரேடு' என்று மட்டும் போடுவோரும் உண்டு. எண் இல்லாத அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

மேல் பட்டையில் இயற்கை ரப்பர் இருந்தால் அதைக் குறிப்பிடுங்கள், அலர்ஜி உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

என் யோசனை: இரண்டையும் தனித்தனி வரிசையாக வையுங்கள். மருத்துவ வரிசையை முழங்காலுக்குக் கீழ் வரும் குறைந்த அழுத்த வகையோடு தொடங்குங்கள். அதிக அழுத்தத்தைப் பிறகு பார்க்கலாம். உள்ளே வைக்கும் தாளில் ஒரு எச்சரிக்கை கட்டாயம் வேண்டும்: காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை அணியக் கூடாது. உணர்வு குறைந்த கால் உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.