காயலாங்கடை ரிசீவருக்குக் கரண்ட் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, வியாசர்பாடி காயலாங்கடை ஒன்றில் பழைய ராணுவ ரிசீவர் கிடைத்தது. ஆர்.சி.ஏ. கம்பெனியின் ஏஆர்-88டி. தூக்கி வர இரண்டு ஆள் வேண்டியிருந்தது. சால்டரிங் வரும், வால்வு செட் இதுதான் முதல் தடவை. பிளக்கில் சொருகிப் பார்க்கலாமா?
– கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: இப்போதைக்குச் சொருகாதீர்கள் தம்பி. இரண்டாம் உலகப் போர்க்காலத்து அருமையான செட் உங்களிடம் வந்திருக்கிறது. 14 வால்வு, ஏறத்தாழ 45 கிலோ. மீடியம் வேவில் தொடங்கி 32 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். அவசரப்பட்டால் அரை நிமிடத்தில் டிரான்ஸ்பார்மர் போய்விடும். அதே மாதிரி இன்னொன்று கிடைப்பது குதிரைக் கொம்பு.

முதலில் சர்க்யூட் படத்தைத் தேடிப் பிடியுங்கள். இதன் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரில் பல வோல்டேஜுக்கு இணைப்பு உண்டு. கடைசியாக வைத்திருந்தவர் 110-க்குப் போட்டு வைத்திருந்தால் நம் 230 அதைக் கருக்கிவிடும். அதைச் சரிபார்த்து, பழைய ஒயரை எடுத்துவிட்டு, எர்த் உள்ள மூன்று பின் ஒயர் போட்டு, எர்த்தைச் சேசிஸில், அதாவது செட்டின் இரும்புச் சட்டத்தில் இறுக்குங்கள்.

அடுத்து சீரியஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றை பேஸ் ஒயரில் தொடராக இணையுங்கள், எல்.இ.டி. இதற்கு உதவாது. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் 5ஒய்3 ரெக்டிபையர் வால்வைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். இந்த செட்டில் பாதிக்கு மேல் இரும்புக்கூடு போட்ட வால்வுகள். உள்ளே இழை எரிவது கண்ணுக்குத் தெரியாது, விரலால் தொட்டுச் சூட்டைப் பார்க்க வேண்டும்.

ரெக்டிபையரைத் திரும்பப் போடும் முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வான 6கே6-இன் கிரிடுக்கு (வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைக்கு) வரும் கப்ளிங் கண்டன்சரை மாற்றிவிடுங்கள். டி.சி.யைத் தடுத்து ஒலியை மட்டும் விடுவது அதன் வேலை. இத்தனை வருஷத்தில் அது டி.சி.யைக் கசியவிடாமல் இருக்காது. கசிந்தால் கிரிடில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறும், வால்வு கரண்டை வாரி இழுக்கும், உள்ளே பிளேட் என்ற தகடு சூட்டில் சிவக்கும், கூடவே அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போகும். அதே மதிப்பில் 630 வோல்ட் பாலியஸ்டர் கண்டன்சர் சில ரூபாய்தான். மற்றக் கண்டன்சர்களை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். மொத்தமாக மாற்றினால் எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டாதீர்கள். எச்.டி. என்கிற உயர் வோல்டேஜ் வந்ததும், வோல்டேஜைச் சீராக வைக்கும் விஆர்150 கண்ணாடி வால்வுக்குள் ஊதா வெளிச்சம் தெரியும். அதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசை. அந்த நேரத்தில் உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் டி.சி. ஓடுகிறது, ஆளைக் கொன்றுவிடும். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மீட்டர் வையுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வைத்துக் கண்டன்சரை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லாதபோது இந்த வேலையே வேண்டாம்.

ஐ.எப். (இடைநிலை அலைவரிசை) காயில்கள் இருக்கும் டப்பாக்களின் மேலுள்ள திருகுகளைத் தொடவே தொடாதீர்கள். சத்தம் குறைவாக இருக்கிறதே என்று ஆளாளுக்குத் திருகிக் கெடுத்த செட்டுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றைச் சரிசெய்ய உதவும் சிக்னல் ஜெனரேட்டர் கைக்கு வரும்வரை அவை இருந்தபடியே இருக்கட்டும். நம் பக்கத்துக் கடல் காற்றில் பேண்ட் சுவிட்ச் காண்டாக்டுகள் கறுத்துப் போயிருக்கும். பஞ்சுக் குச்சியில் காண்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டுத் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டால் வெள்ளி முலாம் போய்விடும்.

எல்லாம் சரியென்றால் 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலியை வையுங்கள்.

கேள்வி: என்னிடமும் அதே ரிசீவர் ஓடுகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறார்கள், ஆனால் மூக்கடைத்தவர் பேசுவதுபோல் ஒன்றும் புரியவில்லை. பழுதா?
– இல்லத்தரசி, பெரம்பூர்

பதில்: பழுதில்லை அம்மா. 7.0 முதல் 7.2 வரை ஹாம்காரர்கள் (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) சிங்கிள் சைடுபேண்டில் பேசுவார்கள். அதில் கேரியர் அலை வராது, அதனால்தான் குரல் புரிவதில்லை. ஏ.வி.சி.யை (சத்தத்தைத் தானாகச் சமன்செய்யும் அமைப்பை) அணைத்து, பி.எப்.ஓ.வை (விடுபட்ட கேரியரை உள்ளேயே உண்டாக்கும் ஆசிலேட்டரை) போடுங்கள். ஆடியோ கெயினை முழுதாக ஏற்றி, ஏரியலிலிருந்து வரும் சிக்னலின் வலுவை மாற்றும் ஆர்.எப். கெயினை நன்றாகக் குறைத்துவிட்டு, டியூனிங்கை மயிரிழை அளவுக்கு நகர்த்துங்கள். குரல் தெளியும்.